உள்ளாட்சி அலுவலகத்தில் ஆர்.டி.ஐ. மனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றிடம் ஆவணம் கேட்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. அடிப்படை, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 (சுருக்கமாக ஆர்.டி.ஐ.). இந்தச் சட்டத்தில் பாதி வெற்றி மனு எழுதும் மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் எழுதும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யார் கேட்கலாம்?

இந்தியக் குடிமக்கள் யாரும் கேட்கலாம். அந்த ஊரில் ஓட்டு இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. குடியிருப்போர் நலச் சங்கம், இளைஞர் மன்றம் போன்ற அமைப்பின் பெயரில் மட்டும் அனுப்பினால் 'குடிமகன் அல்ல' என்று திருப்ப இடமுண்டு. நிர்வாகி ஒருவர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினால் அந்தச் சிக்கல் வராது.

எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் (மனுவைப் பெற்றுத் தகவல் தர அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவர்) கடமை. பிரிவு 6(1) இதைச் சொல்கிறது. அலுவலகங்களில் இது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

மனு போடாமலே பார்க்கக்கூடிய ஆவணங்கள் உண்டா?

நிறையவே உண்டு. பிரிவு 4(1)(பி)-யின்படி அலுவலகத்தின் அமைப்பு, அதிகாரிகளின் பொறுப்புகள், ஊதியம், வரவு செலவுத் திட்டம், மானியம் பெற்றவர்கள் விவரம், தகவல் அலுவலரின் பெயர், பதவி எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிட்டிருக்க வேண்டும்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். சபையில் எழுந்து கேட்டு, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வைத்தால், பின்னால் போடும் மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிடலாம். அப்படி ஒரு மனுவை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

மனுவை யாருக்கு அனுப்புவது? பெயர் தெரிய வேண்டுமா?

வேண்டாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு, அதன் கீழே அலுவலகத்தின் பெயரும் முகவரியும் எழுதினால் போதும். கிராம ஊராட்சி ஆவணங்களுக்குப் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் வழியாகத்தான் பதில் வருகிறது. ஆகவே அந்த முகவரிக்கு அனுப்பி, பொருள் வரியில் ஊராட்சியின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். மாநகராட்சிகளில் பொறியியல், நகரமைப்பு, சுகாதாரம், வருவாய் எனப் பிரிவுக்கு ஒரு தகவல் அலுவலர் இருப்பதுண்டு. கேட்பது சாலை பற்றியா, வரி பற்றியா என்பது முதல் வரியிலேயே தெரிந்தால் மனு சரியான மேசைக்குப் போகும்.

தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் மனு வீணாகாது. பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். 'இது எங்கள் அலுவலகம் சார்ந்தது அல்ல' என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை.

மனுவை எப்படி எழுத வேண்டும்?

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. புதிதாக விளக்கம் எழுதவோ, கருத்துச் சொல்லவோ, இல்லாத புள்ளிவிவரத்தைத் தொகுக்கவோ அவருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

'எங்கள் தெருவில் பேவர் பிளாக் சாலையை ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?' என்று கேட்டால், 'கேள்வி வடிவில் உள்ளது, தகவல் வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி செல்லவும் செல்லும். அதே ஆதங்கத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

'2023-24 நிதியாண்டில், 4-ஆவது வார்டு, பிள்ளையார் கோயில் தெருவில் பேவர் பிளாக் சாலை அமைத்த பணி தொடர்பாகக் கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்:
1. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகள்
2. விரிவான மதிப்பீடு
3. பணி ஆணை, ஒப்பந்த உடன்படிக்கை
4. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கு உரிய பக்கங்கள்
5. ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும்
6. தரப் பரிசோதனை அறிக்கைகள்
7. பணி நிறைவுச் சான்று'

(அளவுப் புத்தகம் என்பது செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு.) இதில் 'ஏன்' எங்கேயும் இல்லை. ஆனால் ஏழு ஆவணமும் கைக்கு வந்தால் 'ஏன்' என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருக்கும்.

கவனிக்க வேண்டிய மூன்று அளவுகள்: எந்தக் காலம், எந்த இடம், எந்த ஆவணம். 'கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த எல்லாப் பணிகளும்' என்று கேட்டால் மனு தேங்கும். ஒரு மனுவில் ஒரு பணி, அல்லது ஒரு நிதியாண்டின் ஒரு பதிவேடு என்று வைத்துக்கொள்வது நல்லது. குற்றச்சாட்டு, வசவு, முன்கதை எதுவும் வேண்டாம். அவை புகார் மனுவுக்கு உரியவை. இரண்டையும் கலந்தால் இரண்டுமே நடக்காது.

ஆவணங்களின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளாட்சிகளில் புழங்கும் முக்கியமான பெயர்கள் இவை. பணம் வந்து போனதற்கு: ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு அறிக்கை, செலவுச் சீட்டுகள். வரிக்கு: கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. முடிவெடுத்ததற்கு: தீர்மானப் புத்தகம், கூட்ட அழைப்பு, வருகைப் பதிவு. பொருள் வாங்கியதற்கு: விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், இருப்புப் பதிவேடு. ஊராட்சியின் நிலம், கட்டடம், குளம், கிணறு பற்றி என்றால் சொத்துப் பதிவேடு. ஆண்டுக் கணக்கில் குறை கண்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தணிக்கை அறிக்கையும், தணிக்கைத் தடைகளுக்கு அலுவலகம் கொடுத்த பதில்களும்.

தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது போன்ற சிறு செலவுகளைப் பார்க்க இருப்புப் பதிவேட்டையும் செலவுச் சீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். வாங்கியதாகச் சீட்டு இருந்து, இருப்பில் வரவு வைக்காமல் இருந்தால் அந்த இடைவெளிதான் நீங்கள் தேடியது. பதிவேட்டின் சரியான பெயர் தெரியாவிட்டால் 'இதற்காகப் பராமரிக்கப்படும் பதிவேடு, அது எப்பெயரில் இருப்பினும்' என்று எழுதலாம்.

கட்டணம் எவ்வளவு? எப்படிச் செலுத்துவது?

மனுவுக்கு 10 ரூபாய். மாநில அரசின் கீழ் வரும் அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுவதே எளிய வழி. நேரில் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கலாம், வரைவோலையும் எடுக்கலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு இந்த வில்லை செல்லாது, அங்கே அஞ்சல் ஆணை அனுப்ப வேண்டும். இரண்டையும் மாற்றி அனுப்பித் திரும்பி வந்த மனுக்கள் ஏராளம்.

நகலுக்கு ஏ4 அல்லது ஏ3 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். வரைபடம் போன்ற பெரிய தாளுக்கு அசல் செலவு. நேரில் கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதன் பிறகு சிறு கட்டணம் உண்டு.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. ஆனால் அதற்கான சான்றின் நகலை மனுவுடன் இணைக்க வேண்டும். குடும்ப அட்டை நகலை மட்டும் வைத்தால் போதாது என்று பல அலுவலகங்கள் திருப்புகின்றன, ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதைக் காட்டும் சான்றையே வாங்கி வையுங்கள்.

இணையத்தில் அனுப்பலாமா?

மாநில அரசுக்கு இணையவழி ஆர்.டி.ஐ. தளம் உண்டு. உங்களுக்குத் தேவையான அலுவலகம் அதன் பட்டியலில் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள், தேதிக்குச் சான்று தானாகவே கிடைத்துவிடும். இல்லையென்றால் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் டெலிவரி சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சல். சாதாரணத் தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது, மனு அலுவலகத்தைச் சேர்ந்த தேதிதான்.

மனு உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

தபால் பிரிவில் வரவு எண் போட்டு, தகவல் அலுவலரின் பார்வைக்குப் போகும். அவர் மனுவின் ஓரத்திலேயே குறிப்பு எழுதி உரிய பிரிவு எழுத்தருக்கு அனுப்புவார். வரிப் பதிவேடு என்றால் அதே அறையில் வேலை முடிந்துவிடும். சாலைப் பணி என்றால் மதிப்பீடும் அளவுப் புத்தகமும் பொறியாளரிடம் இருக்கும், செலவுச் சீட்டு கணக்குப் பிரிவில் இருக்கும், ஒப்பந்தக் கோப்பு வேறொரு எழுத்தரிடம் இருக்கும். தாமதத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நேர்கிறது. தகவல் அலுவலர் தன் சக அலுவலரிடம் எழுத்தில் உதவி கேட்டால், கேட்கப்பட்டவரும் சட்டத்தின் கண்ணில் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். 'பொறியாளர் கோப்பைத் தரவில்லை' என்பது உங்களிடம் சொல்லத் தக்க பதில் அல்ல. அபராதம் வரும்போது அந்தப் பொறியாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்டதை ஆவணப் பெயர்களோடு எண்ணிட்டு எழுதியிருந்தால், எழுத்தர் அதே வரிசையில் நகலெடுத்து அடுக்கிவிடுவார். பத்தி பத்தியாக எழுதியிருந்தால் அவர் எதைத் தேடுவது என்று தெரியாமல் கோப்பைக் கீழே வைத்துவிடுவார். வேலைப்பளு உள்ள அலுவலகத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

30 நாளை எப்படி எண்ணுவது?

தகவல் தரச் சட்டம் வைத்திருக்கும் கெடு 30 நாள். அதை மனு அலுவலகத்தைச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மனு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டாலோ, உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுக்கப்பட்டாலோ ஐந்து நாள் கூடும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்தது என்றால் 48 மணி நேரம்.

நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், கடிதம் புறப்பட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் கணக்கில் வராது. உதாரணமாக, மனு ஜூன் 3-இல் சேர்ந்தது. ஜூன் 20-இல் '38 பக்கம், 76 ரூபாய் செலுத்தவும்' என்று கடிதம் புறப்பட்டது. அதுவரை 17 நாள் போய்விட்டது. நீங்கள் ஜூன் 28-இல் கட்டினால் மீதி 13 நாள், அதாவது ஜூலை 11-க்குள் நகல் வர வேண்டும். கடிதத்தில் பக்கக் கணக்கு இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் விவரம் கேட்டு எழுதலாம். கணக்கைக் காட்ட வேண்டும் என்று பிரிவு 7(3) சொல்கிறது.

கெடு தாண்டிவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அதன் பிறகு தரும் தகவலை இலவசமாகத் தர வேண்டும் (பிரிவு 7(6)). 45-ஆவது நாளில் கட்டணக் கடிதம் வந்தால் இந்தப் பிரிவைச் சுட்டிப் பதில் எழுதுங்கள், பணம் கட்டாதீர்கள்.

'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்று கேட்கிறார்களே?

சொல்லத் தேவையில்லை. தொடர்பு முகவரியைத் தவிரக் காரணமோ வேறு சொந்த விவரமோ கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. சில நாட்களில் நீதிமன்றமே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. நீக்கியது தெரியாமல் இன்னும் அதைக் காட்டுபவர்கள் உண்டு.

'ஆவணங்கள் அதிகம், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தால்?

உடனே தட்டிக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். கேட்ட வடிவில் தருவது அலுவலகத்தின் ஆட்களையும் நேரத்தையும் அளவுக்கு மீறி இழுக்கும் என்றால் வேறு வடிவில் தரலாம் என்று பிரிவு 7(9) அனுமதிக்கிறது. உண்மையில் பார்வையிடுவது மனுதாரருக்கே பலமுறை லாபம். 400 பக்கத்துக்குப் பணம் கட்டி அதில் 12 பக்கம் மட்டும் பயன்படுவதைவிட, கோப்பைப் புரட்டி அந்த 12 பக்கத்தை மட்டும் குறித்துக் கேட்கலாம்.

போகும்போது துணைக்கு ஒருவர் வருவார் என்றும், கைபேசியில் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதுங்கள். கோப்பு எண், பக்க எண், குறிப்புப் பகுதியில் யார் என்ன எழுதினார்கள் என்பதைக் குறிப்பெடுங்கள். குறிப்புப் பக்கங்களைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எந்தெந்தக் கோப்பு காட்டப்பட்டது, எது காட்டப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்திலேயே கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டு வாருங்கள்.

'கோப்பு காணவில்லை' என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. தகவல் மறுக்கத்தக்க காரணங்கள் பிரிவு 8, 9-இல் உள்ளன, 'காணவில்லை' அதில் ஒன்று அல்ல. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணாமல் போனால் முறையாகத் தேடி, விசாரித்து, பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அடுத்த மனுவில் இதைக் கேளுங்கள்: அக்கோப்பைப் பொறுப்பேற்றவர்களின் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல், அழிக்கப்பட்டிருந்தால் ஆவண அழிப்புப் பதிவேட்டின் பக்கம், காணாமல் போனதற்குப் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல். இந்த மனு போன பிறகு கோப்பு 'கிடைத்துவிடுவது' அபூர்வம் அல்ல.

'20 ஆண்டுக்கு மேற்பட்டது, தர இயலாது' என்ற பதிலும் தவறு. பிரிவு 8(3) அதற்கு நேர் எதிராக, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தாது என்கிறது.

'தனிநபர் தகவல்' என்று மறுத்தால்?

இங்கேதான் சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது. முன்பு பிரிவு 8(1)(ஜே)-இல், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்க முடியும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை மக்களுக்கும் மறுக்க முடியாது என்ற துணை விதியும் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு வாசல் குறுகிவிட்டது. உள்ளாட்சியில் பயனாளிகள் பட்டியல், கூலிப் பட்டியல் எல்லாமே பெயர்களால் ஆனவை. ஆகவே கிராமத்துக் கணக்குக் கேட்பவர்களுக்கு இது நேரடியான பின்னடைவு.

மீதி இருக்கும் வழி பிரிவு 8(2). மறுப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். பொதுவாகக் காரணம் எழுதத் தேவையில்லை என்றோம். இந்த இடத்தில் மட்டும் எழுதுங்கள்: 'பொது நிதியில் வழங்கப்பட்ட வீட்டு மானியம், தகுதியில்லாதவருக்குப் போனதா என்று சரிபார்ப்பதில் பொதுநலன் உள்ளது.' கூடவே, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தருமாறு பிரிவு 10-ஐச் சுட்டிக் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் போன்ற மூன்றாம் நபர் கொடுத்த, அவர் இரகசியமாகக் கருதும் ஆவணம் என்றால் அவருக்கு ஐந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்புவார்கள், அவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. மொத்தக் கெடு 40 நாள். அவர் மறுப்புச் சொல்லலாம், ஆனால் முடிவெடுப்பவர் தகவல் அலுவலர்தான்.

அளவுப் புத்தகம் கிடைத்துவிட்டது. எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், அளவு என்ற கட்டங்கள் இருக்கும். கான்கிரீட்டுக்கு 100 × 3 × 0.15 என்று இருந்தால் நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம், மொத்தம் 45 கன மீட்டர். டேப் எடுத்துச் சாலையை அளந்து பாருங்கள். நீளம் 92 மீட்டர் என்றால் 41.4 கன மீட்டர்தான் வரும், 3.6 கன மீட்டருக்குக் கூடுதலாகப் பணம் போயிருக்கிறது. கனத்தில்தான் குறை அதிகம் ஒளிந்திருக்கும். சாலையின் ஓரத்தை மட்டும் அளந்து முடிவு கட்டாதீர்கள், ஓரம் நடுப்பகுதியிலிருந்து மாறுபடலாம். அதற்காகவே சட்டம் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கும் உரிமையையும், பணியைப் பார்வையிடும் உரிமையையும் பிரிவு 2(ஜே)-இல் தருகிறது.

அளவெடுத்த தேதியையும் மேலலுவலர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட தேதியையும் பணி ஆணையின் தேதியோடு ஒப்பிடுங்கள். பணி ஆணைக்கு முன்பே அளவு பதிவாகியிருந்தால் காகிதமே சாட்சி சொல்லும்.

பதில் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது. அடுத்து?

முதல் மேல்முறையீடு, அதாவது தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலரிடம் முறையிடுவது. பதில் கிடைத்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள். கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் இருக்க வேண்டும். பதிலே வராதபோது 'முதல் மேல்முறையீட்டு அலுவலர்' என்று போட்டு அதே அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

ஒரு பக்கம் போதும். மனு சேர்ந்த தேதி, பதில் தேதி, எந்த எண்ணிட்ட இனத்துக்குப் பதில் இல்லை, எதற்குத் தவறான பதில், எந்தப் பிரிவின்படி தவறு. 'எனக்குத் திருப்தியில்லை' என்று மட்டும் எழுதினால் 'ஏற்கெனவே பதில் தரப்பட்டது' என்று உத்தரவு வரும். மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளுக்குள், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், முடிக்க வேண்டும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது, உங்களுடையது அல்ல.

தகவல் ஆணையத்துக்கு எப்போது போக வேண்டும்?

முதல் மேல்முறையீட்டு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து, அல்லது அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மனு, பதில், மேல்முறையீடு, உத்தரவு, அனுப்பிய சான்றுகள் எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு அட்டவணையோடு அனுப்புங்கள். விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆகும்.

ஒரு குழி இங்கே உண்டு. பிரிவு 18-இன்கீழ் 'புகார்' கொடுத்தால் ஆணையம் அபராதம் விதிக்கலாம், ஆனால் தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது இது. தகவல்தான் வேண்டும் என்றால் பிரிவு 19(3)-இன்கீழ் மேல்முறையீடு செய்யுங்கள், அதிலேயே அபராதமும் இழப்பீடும் கேட்கலாம். அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. அது அலுவலகப் பணத்திலிருந்து அல்ல, அந்த அலுவலரிடமிருந்தே வசூலிக்கப்படும்.

மனு போட்டதும் ஊரில் ஆள் அனுப்பி வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மனு போட்டவர் இன்னார் என்பதை வெளியில் சொல்ல அலுவலகத்துக்குத் தேவையே இல்லை, ஆனாலும் சிறிய ஊர்களில் இது நடக்கிறது, ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. வாபஸ் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள், வெற்றுத் தாளில் நிச்சயம் வேண்டாம். வந்தவர் பெயர், தேதி, சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆணையத்துக்கும் சான்றோடு அனுப்புங்கள். ஒரே ஆவணத்தைக் கேட்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று நான்கு பேர் தனித்தனியே மனு போட்டால் ஒருவர் மேல் மட்டும் கண் விழாது. வீட்டு முகவரி தர அஞ்சுபவர்கள் அஞ்சல் பெட்டி எண் கொடுக்கலாம். தொடர்புக்கு அது போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. முதன்முறை மனு போடும்போதே இதைச் செய்துவிடுங்கள், முகவரி ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் எடுக்க முடியாது.